ஆறே கால் அடிச் சொதப்பல்

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, பட்டாளத்தில் வேடிக்கை காட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் பிபிசியில் வாய்ப்புக் கேட்டுப் போனார். வித்தையைச் செய்து காட்டச் சொன்னார்கள். காட்டினார். உட்கார்ந்து பார்த்த அதிகாரி கோப்பில் எழுதிவைத்ததன் சாரம் இது: பையன் பார்க்க லட்சணமில்லை, பேச்சு விளங்கவில்லை, தோற்றமோ பெரும் துரதிர்ஷ்டம். பெண் பார்க்க வந்தவர்கள்கூட பஜ்ஜி சொஜ்ஜியை முடித்துவிட்டு, "ஊருக்குப் போய்க் கடுதாசி போடுறோம்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தத் தாட்சண்யம்கூட பிபிசிக்கு இல்லை.

அதிகாரியைக் குற்றம் சொல்லவும் முடியாது. எழுதியது மூன்றும் சத்தியம். ஆறே கால் அடிக்கு மேல் உயரம். பதின்மூன்றாம் நம்பர் ஷூ. முகத்தில் மூக்கு, தாடை, புருவம் எல்லாம் தனித்தனியாக முடிவெடுத்து வந்து சேர்ந்திருந்தன. பேச்சில் பாதி முணுமுணுப்பு, மீதி அவருக்கே வந்துவிடும் சிரிப்பு. அதிகாரி கோட்டைவிட்டது ஒரே இடத்தில்தான். குறை என்று அவர் பட்டியல் போட்டதே அந்த ஆளின் மொத்த மூலதனம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அடுத்த முப்பத்தைந்து, நாற்பது வருஷம் பிரிட்டன் அந்த மூன்றையும் பார்த்துத்தான் வயிறு வலிக்கச் சிரித்தது.

பெயர், டாமி கூப்பர். தொழில், மேஜிக். விசேஷத் தகுதி, மேஜிக் வராது. அதாவது, வராத மாதிரி இருக்கும். அந்த 'மாதிரி'க்காக மனுஷன் ஆயுசு முழுக்க உழைத்தார்.

பிறந்தது 1921 மார்ச் 19, வேல்ஸில் கேர்ஃபிலி என்ற ஊரில். அப்பா பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் சார்ஜென்ட். அம்மா டெவன் பக்கம். மூன்று வயதில் குடும்பம் அதே டெவனின் எக்ஸிடருக்குப் பெட்டி கட்டிவிட்டது. ஆக, சொந்த ஊருக்கு அவர் ஆற்றிய தொண்டு மூன்று வருஷத்து அழுகை. இந்தத் தொண்டுக்கு அந்த ஊர் பின்னால் என்ன கைம்மாறு செய்தது என்பது இருக்கட்டும்.

எட்டு வயதில் லூசி என்ற உறவுக்காரப் பெண்மணி ஒரு மேஜிக் பெட்டி வாங்கிக் கொடுத்தார். இந்த மாதிரிப் பெட்டிகளின் ஆயுள் உலகம் முழுக்க ஒரு வாரம். அதற்குள் நாலு சீட்டு தொலைந்து, மந்திரக்கோல் உடைந்து, மீதி பரணுக்குப் போய்விடும். இந்தப் பிள்ளை மணிக்கணக்கில் உட்கார்ந்து பழகியது. பள்ளிக்கூடம் முடிந்து, சவுதாம்ப்டன் அருகே ஹைத் என்ற இடத்தில் படகு கட்டும் கம்பெனியில் தொழில் பழகப் போனபோதும் வித்தையை விடவில்லை. அங்கே கான்டீனில், சக தொழிலாளிகள் முன்னால் முதல் கச்சேரி. பால் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பால் கொட்டக் கூடாது, அதுதான் வித்தை. பால் கொட்டியது. அடுத்ததும் கவிழ்ந்தது. வியர்த்து, நாக்குக் குழறி, பையன் நின்ற நிலையைப் பார்த்துக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அழுகை வராத குறையாக ஓடினாராம். ஓடின பிறகுதான் உறைத்திருக்கிறது: சிரித்தார்களே! வித்தை சரியாக வந்திருந்தால் நாலு பேர் கை தட்டியிருப்பார்கள், ஐந்தாவது ஆள் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போயிருப்பார்.

இப்படித் தற்செயலாகக் கிடைத்த புதையலை, தினமும் அதே நேரத்துக்குத் தோண்டி எடுக்கக் கற்றுக்கொள்வதற்கு ஒரு போர் தேவைப்பட்டது. 1940இல் ராயல் ஹார்ஸ் கார்ட்ஸ் படைப்பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். பெயரில் குதிரை இருக்கிறதே என்று பார்த்தால், ஆளை அனுப்பியது எகிப்துப் பாலைவனத்துக்கு. அங்கே சிப்பாய்களைக் குஷிப்படுத்தும் கலைக்குழுவில் ஒட்டிக்கொண்டார். ஹிட்லரை ஒழிப்பதில் கூப்பரின் பங்கு என்ன என்று ராணுவ வரலாற்று நூல்கள் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. ஆனால் கெய்ரோவில் ஒரு நாள் மாலை நடந்ததை அவரே வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாடகக் காட்சி ஒன்றுக்கு வெள்ளைக்காரத் துரைகள் வெயிலுக்கு மாட்டும் அந்தக் கெட்டித் தொப்பி வேண்டும். எடுத்துவர மறந்தாயிற்று. மேடையில் நின்றுகொண்டு பார்க்கிறார். தட்டோடு ஒரு சர்வர் போகிறார், தலையில் குஞ்சம் வைத்த சிவப்பு ஃபெஸ் குல்லாய். கையை நீட்டி அதைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான், அரங்கம் அதிர்ந்தது. குல்லாயைத் திருப்பிக் கொடுத்தாரா என்று கேட்காதீர்கள். கொடுத்தே இருந்தாலும், அதற்குப் பிறகு சாகிற வரை அந்தக் குல்லாய் இல்லாமல் அவர் மேடையேறியது அபூர்வம்.

இதில் ஒரு கூத்து. துருக்கியில் அதாதுர்க் 1925லேயே சட்டம் போட்டு ஃபெஸ்ஸை ஒழித்துவிட்டார். எகிப்திலும் 1952 புரட்சிக்குப் பிறகு, பாஷாக்கள் காலத்துக் குப்பை என்று அதற்கு மரியாதை போய்விட்டது. ஒட்டோமான் சாம்ராஜ்யத்தின் கடைசிச் சின்னத்தைத் தலையில் தாங்கி நிற்கும் பொறுப்பு, டெவன் வாடையடிக்கும் ஆங்கிலம் பேசிய ஒரு வேல்ஸ்காரர் மேல் வந்து விழுந்தது.

1947 பிப்ரவரியில், சைப்ரஸின் நிக்கோசியாவில், கூடவே கலைக்குழுவில் இருந்த க்வென் ஹென்டியைக் கல்யாணம் செய்துகொண்டார். மனைவியைச் செல்லமாகப் 'புறா' என்று கூப்பிடுவார். மேஜிக்காரர் வாயிலிருந்து அந்தப் பேரைக் கேட்டால் வேறு எந்தப் பெண்ணும் தொப்பியை எட்டிப் பார்த்திருப்பாள், க்வென் தைரியசாலி.

அதே வருஷம் இன்னொரு சம்பந்தமும் முடிந்தது. மிஃப் ஃபெர்ரி என்பவர் டிராம்போன் வாசித்துக்கொண்டிருந்தவர். கூப்பரைப் பார்த்ததும் இந்த ஆளை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் ஆகிவிட்டார். கடைசி வரைக்கும், 37 வருஷம், ஒரே ஏஜென்ட். இருவரும் ஒருவரையொருவர் குறை சொல்லாத நாளே கிடையாது. அந்தக் கால ஒப்பந்தங்களில் ஏஜென்டுக்குச் சாதகமான வரிகள் எழுத்து சிறுத்தாலும் சாரத்தில் பெருத்து இருக்கும். கூப்பர் அவற்றோடு மல்லுக்கட்டினார், ஆனால் வெளியே போகவில்லை. எத்தனையோ கட்டுகளிலிருந்து விடுபடும் வித்தை கடையில் விற்கிறது. இதற்கு மட்டும் விற்கவில்லை.

ஆரம்ப நாள் பிழைப்பு நாய் பட்ட பாடு. சின்டரெல்லா நாடகத்தில் அழகில்லாத அக்காமார்களில் ஒருத்தியாக வேஷம் கட்டினார். மேக்கப்காரருக்கு வேலை மிச்சம். பிறகு லண்டனில் விண்ட்மில் தியேட்டர். இந்தத் தியேட்டரின் பெருமையே வேறு. மேடையில் பெண்கள் ஆடையில்லாமல் நிற்கலாம், ஆனால் அசையக் கூடாது என்று அரசாங்கத் தணிக்கை சொல்லியிருந்தது. அசையாமல் நின்றால் சிற்பக்கலை, சுண்டுவிரல் ஆடினால் ஒழுக்கக்கேடு. கலையார்வம் மிக்க ஆண்கள் மத்தியானமே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். முன்வரிசையில் ஓர் இடம் காலியானால் பின்வரிசைக் கனவான்கள் நாற்காலி மேல் ஏறித் தாண்டிப் பாய்வார்கள். இப்படி ஒரு சிற்பக் காட்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள இடைவெளியில் வந்து சிரிப்பு மூட்ட வேண்டியது காமெடியன் பாடு. பார்வையாளர் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, இவன் எப்போது போவான் என்று காத்திருப்பார். அந்தக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தவன் எந்தக் கூட்டத்தையும் சிரிக்க வைப்பான். நடிகர் பீட்டர் செல்லர்ஸ் அங்கே அடி வாங்கி வளர்ந்தவர்தான். கூப்பர் அங்கே ஆடிவிட்டு, ராத்திரி கிளப்புகளிலும் போய் ஆடினார். ஒரு வாரத்தில் 52 காட்சி செய்த கணக்கு இருக்கிறது. ஒரு நாளைக்கு ஏழுக்கு மேல் சொதப்ப வேண்டும், அதுவும் ஏழு தடவையும் அப்போதுதான் முதல் தடவையாகச் சொதப்புகிற மாதிரி.

1952இல், லட்சணமில்லை என்று எழுதிய அதே பிபிசி, 'இட்ஸ் மேஜிக்' என்று அவருக்கே தொடர் கொடுத்தது. கோப்பை யாராவது எடுத்துப் பார்த்தார்களா தெரியாது. அரசாங்க ஆபீஸ் மாதிரி நடக்கிற இடங்களில் பழைய கோப்பு கிடைக்காமல் போவதும் ஒரு வரப்பிரசாதம்.

மேடையில் அப்படி என்னதான் செய்தார்? தொப்பி அயிட்டம் ஒன்றை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். முன்னால் ஒரு பெரிய பெட்டி, அது நிறையத் தொப்பிகள். புத்தாண்டு இரவில் ஒரு மதுக்கடையில் நடக்கும் சோகக் கதையைச் செய்யுளாக ஒப்பிக்கிறார். மாலுமி பேசினால் மாலுமித் தொப்பி, சிப்பாய் பேசினால் சிப்பாய்த் தொப்பி, இன்னும் யார் யாருக்கோ அவரவர் தொப்பி. முதல் நாலு வரி ஒழுங்காகப் போகும். அப்புறம் மாலுமி பேச வேண்டிய இடத்தில் கை பெட்டிக்குள் துழாவும். பெண்பிள்ளைத் தொப்பி வரும். முகம் செத்துவிடும். அதைப் போட்டுவிட்டு மறுபடி துழாவுவார், அதே தொப்பி திரும்ப வரும். குரல் ஒருவருடையது, தொப்பி வேறொருவருடையது, வசனம் மூன்றாம் ஆளுடையது என்று ஆகிவிடும். நடுவில் நின்று, சபையைப் பரிதாபமாகப் பார்த்து, இதைவிடப் பெரிய பெட்டியாக வாங்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அந்த இடத்தில் தியேட்டர் கூரை பிய்ந்துகொள்ளும்.

பார்ப்பவருக்கு இது ஒரு மக்கு மனிதனின் அவஸ்தை. யோசித்துப் பார்த்தால் வேறு கணக்கு. தவறான தொப்பி சரியான வரியில் வர வேண்டுமானால், பெட்டிக்குள் ஒவ்வொரு தொப்பியும் அதனதன் தவறான இடத்தில் கன கச்சிதமாக அடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு தொப்பி தப்பித்தவறிச் சரியாக வந்துவிட்டால் காட்சி நாசம்! சரியாகச் செய்கிற மேஜிக்காரருக்குத் தவறினால் மட்டும்தான் பயம். இவருக்குச் சரியாக வந்துவிடுமோ என்றும் பயம்.

அப்புறம் அந்தக் கயவாளித்தனம். பாட்டில் இங்கே, கிளாஸ் அங்கே. குழாய் இரண்டை மேலே மூடித் திறந்தால் கிளாஸ் இங்கே, பாட்டில் அங்கே. சொல்லிக்கொண்டே செய்வார், எந்தக் குழாய்க்குள் எது என்று அவருக்கே குழம்பும். சபை சிரித்துக்கொண்டிருக்கும்போதே மேஜை மேல் ஒரு பாட்டில் இரண்டாகி, நாலாகி, மேஜையே நிரம்பிவிடும். இது மேஜிக் உலகத்தில் மரியாதையான பழைய வித்தை. கை சுத்தமாக இல்லாதவன் கிட்டே போக முடியாது. ஆள் ஒன்றும் தெரியாதவர் என்று நம்பிக் கண்ணை நகர்த்திய நேரத்தில், நிஜ வித்தையை நடத்தி முடித்துவிட்டு, "ஜஸ்ட் லைக் தட்" என்று இரண்டு கையையும் முன்னால் ஆட்டுவார். மேஜிக்காரர்களின் சங்கமான மேஜிக் சர்க்கிள் இவரை உறுப்பினராக வைத்திருந்தது சும்மா இல்லை. சிரித்த ஜனங்களுக்குத் தெரியாதது சங்கத்தாருக்குத் தெரியும்.

சொதப்பலைத் தொழிலாக்கிய முதல் ஆள் இவர் என்று சொன்னால் அமெரிக்கர்கள் சண்டைக்கு வருவார்கள். அங்கே ஃபிராங்க் வான் ஹோவன் என்பவர் மேடையில் ஒரு பெரிய ஐஸ் கட்டியையும் சில பையன்களையும் கொண்டுவந்து, வித்தை எதையும் முடிக்காமல் அமர்க்களம் பண்ணியே பேர் வாங்கினார். கார்ல் பாலன்டைன், உலகத்திலேயே மகத்தான மேஜிக் நிபுணர் என்று பட்டம் சூடிக்கொண்டு ஒன்று விடாமல் கவிழ்த்தார். ஆனால் அவர்கள் கவிழ்த்தது வித்தையை. கூப்பர் மேடையில் கவிழ்ந்தது தானே. கதவைத் திறந்து உள்ளே வருவதே அவருக்கு வேடிக்கையாக அமைந்தது. பரணில் ஒரு பழைய வயலினும் ஓவியமும் கிடைத்தன, நிபுணரிடம் காட்டினேன், ஒன்று ஸ்ட்ராடிவேரியஸ், ஒன்று ரெம்பிராண்ட் என்றார். கஷ்டகாலம், ஸ்ட்ராடிவேரியஸுக்குப் படம் வரையத் தெரியாது, ரெம்பிராண்டுக்கு வயலின் செய்யத் தெரியாது. இந்தத் துணுக்கை நம்மில் யார் சொன்னாலும் நாலு பேர் மரியாதைக்குச் சிரிப்பார்கள். அவர் பாதி சொல்லும்போதே சிரித்தார்கள். சில சமயம் வாயைத் திறப்பதற்கு முன்பே.

கஞ்சத்தனம் சம்பந்தப்பட்ட கதைகளும் ஏராளம். டாக்ஸியிலிருந்து இறங்கும்போது டிரைவரின் சட்டைப் பையில் எதையோ திணித்து, என் செலவில் ஏதாவது குடித்துக்கொள் என்பாராம். டிரைவர் பெருந்தன்மையை எண்ணி நெகிழ்ந்து, பிறகு கையை விட்டுப் பார்த்தால் ஒரு டீ பேக். ராணியார் முன்னிலையில் நடந்த நிகழ்ச்சி முடிந்து கலைஞர்கள் வரிசையில் நின்றபோது, மகாராணிக்குக் கால்பந்து பிடிக்குமா என்று கேட்டதாகவும், அவ்வளவாக இல்லை என்று ராணி சொன்னதும், அப்படியானால் உங்களுக்கு வரும் இறுதிப் போட்டி டிக்கெட்டை எனக்குத் தரலாமே என்றதாகவும் ஒரு கதை இன்றும் உலவுகிறது. ஓசியில் கேட்பது என்று ஆனபின் வாசலில் கேட்டால் என்ன, சிம்மாசனத்தில் கேட்டால் என்ன.

குடி இருந்தது. சுருட்டும் இருந்தது. 70களின் நடுவில் கிளப் முதலாளிகள் புலம்ப ஆரம்பித்தார்கள். நேரத்துக்கு வருவதில்லை, வந்தால் காட்சியை அஞ்சு நிமிஷத்தில் அள்ளிப்போட்டுவிட்டுப் போகிறார் என்று. சொதப்பல் மாதிரி இருந்தது மெல்ல மெல்லச் சொதப்பலாகவே ஆகிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஜனங்களுக்கு எப்போதும் தெரிந்ததில்லை, ஆனால் அவருக்குத் தெரிந்திருக்கும். 1977 ஏப்ரல் 22 அன்று ரோம் நகரில், நிகழ்ச்சியின்போதே மாரடைப்பு. பிழைத்தார். மூன்று மாதத்தில் மறுபடி தொலைக்காட்சி. குடியைக் குறைத்ததும் பழைய தெம்பு கொஞ்சம் திரும்பியது, ஆனால் 80க்குப் பிறகு சொந்தத் தொடர் என்று யாரும் கொடுக்கவில்லை. அடுத்தவர் நிகழ்ச்சிகளில் விருந்தாளியாக வந்துபோனார்.

இங்கே கொஞ்சம் பின்னால் போய் நம்ம கல்கத்தா மேஜிக்காரர் பி.சி. சர்க்காரை அழைத்துக்கொள்ள வேண்டும். 1956 ஏப்ரல் 9, பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி, நேரடி ஒளிபரப்பு. சர்க்கார் பதினேழு வயது உதவிப் பெண்ணைப் படுக்க வைத்து, மின்சார ரம்பத்தால் இடுப்பில் அறுத்தார். எழுந்திரு என்றார், எழவில்லை. கையைத் தேய்த்துப் பார்த்தார், அசையவில்லை. முகத்தில் துணியைப் போட்டார். அந்தச் சமயம் பார்த்துத் தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி குறுக்கே வந்து இரவு வணக்கம் சொல்லி நிகழ்ச்சியை முடித்துவிட்டார். பிபிசி தொலைபேசிகள் அலறின. பெண்ணைக் கொன்றுவிட்டார் என்று ஊரே நம்பியது. நேரம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான் என்று விளக்கம் வந்தது. மறுநாள் பத்திரிகைகளில் முதல் பக்கம், டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டரில் சர்க்காரின் டிக்கெட்டுக்கு அடிதடி. நேரம் எப்போது முடியும் என்று சர்க்காருக்குத் தெரியாது என்று நம்புபவர்கள் நம்பிக்கொள்ளலாம்.

28 வருஷம் கழித்து, அதே லண்டன், அதே ஏப்ரல் மாதம், அதே நேரடி ஒளிபரப்பு. 1984 ஏப்ரல் 15, ஹெர் மெஜெஸ்டிஸ் தியேட்டர். கூப்பரின் கடைசி அயிட்டம், ஒரு நீள அங்கி. அவர் அங்கியை மாட்டிக்கொண்டு திரையை ஒட்டி நிற்க, பின்னாலிருந்து நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜிம்மி டார்பக், கால் இடுக்கு வழியாக ஒவ்வொரு சாமானாக நீட்ட வேண்டும். சின்னதில் ஆரம்பித்து ஏணி வரைக்கும் போகிற ஏற்பாடு. உதவிப் பெண் அங்கியை மாட்டிவிட்டுப் போனாள். கூப்பர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். சபை சிரித்தது. திரைக்குப் பின்னால் ஏணியோடு நின்ற டார்பக்கே, இன்றைக்குப் புதுசாக எதையோ சேர்த்திருக்கிறார் என்றுதான் நினைத்தார். மூச்சு இழுத்தது, அதற்கும் சிரித்தார்கள். அவர் பின்பக்கமாகச் சாய்ந்த பிறகுதான் ஏதோ சரியில்லை என்று உள்ளே இருந்தவர்களுக்குப் புரிந்து, விளம்பர இடைவேளை போட்டார்கள்.

இடைவேளை முடிந்தது. லைவ் ஆயிற்றே, நிறுத்த முடியாது. லெஸ் டென்னிஸ், டஸ்டின் கீ என்ற இரட்டையர் திரைக்கு முன்னால் இருந்த குறுகிய இடத்தில் நின்று ஜோக் அடித்தார்கள். திரைக்குப் பின்னால் கூப்பரைப் பிழைக்க வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிரில்லை. வயது 63. அன்றைக்குச் சிரித்தவர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. இந்த ஆள் விழுந்தால் சிரிக்க வேண்டும் என்று நாற்பது வருஷமாகப் பழக்கியவர் அவர். சர்க்கார் செய்தது வித்தை, ஜனங்கள் சாவு என்று நினைத்தார்கள். இங்கே சாவே வந்து நின்றது, ஜனங்கள் அயிட்டம் என்று நினைத்தார்கள்.

2008இல் கேர்ஃபிலியில் சிலை வைத்தார்கள், ஃபெஸ் குல்லாயோடு. திறந்துவைத்தவர் நடிகர் அந்தோணி ஹாப்கின்ஸ். அவர் மூன்று வருஷம் அழுத ஊர் இதைவிடச் சொந்தம் கொண்டாட முடியாது. சிலைக்கு எதிரே கேர்ஃபிலிக் கோட்டை. அதன் ஒரு கோபுரம் பைசா கோபுரத்தைவிட அதிகமாகச் சாய்ந்து, பல நூறு வருஷமாக விழப்போகிற மாதிரியே நின்றுகொண்டிருக்கிறது. பொருத்தம் பார்த்துத்தான் இடம் பிடித்திருக்கிறார்கள்.

2016இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவருடைய காகிதங்களையும் சாமான்களையும் சேர்த்துக்கொண்டது. 116 பெட்டி. திறந்து பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடையில் எந்தத் தொப்பி எங்கே என்று தெரியாமல் விழித்த ஆள், தன் துணுக்குகளையெல்லாம் அகரவரிசைப்படி, ஆவணக் காப்பகம் வைத்து நடத்துபவர் பொறாமைப்படும் ஒழுங்கில் கோப்பு போட்டு வைத்திருந்தார். அதை அருங்காட்சியகம் ஊரறியச் சொல்லியும்விட்டது. வித்தையின் ரகசியத்தை வெளியே விடுபவரை மேஜிக் சர்க்கிள் சங்கத்தை விட்டே நீக்கிவிடும். அருங்காட்சியகம் உறுப்பினர் இல்லை, தப்பித்தது.